மாதாவிடம் திரும்ப வாங்கியது

சியெனா, செப்டம்பர் 9

அன்பு மகள் ஜினேவ்ராவுக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யை எழுதுவதே எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பாலைவனத்தில் நீயும் நன்றாக இருக்க வேண்டும், உதட்டுக்கு எண்ணெய் தடவு, இரவு முழுவதும் தொலைநோக்கியோடு இருந்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, என் பையின் அடியிலிருந்த, மாதாவுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளி இதயத்தைக் கைக்குட்டையில் சுற்றி ஒளித்துக்கொண்டேன். அப்பாவின் வாய்க்குப் பயந்துதான். அப்படியும் பார்த்துவிட்டார், "உன்னை அறுத்துத் தைச்சது டாக்டரம்மா, வெள்ளி மட்டும் மாதாவுக்கா? அந்தம்மாவுக்கு ஒரு நல்ல பன்றித்தொடை ஹாமாவது வாங்கிக் குடு" என்றார். ஹாமும் கொடுத்தாயிற்று, ஜூனிலேயே, இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே. அப்பா காலை நீட்டிக்கொண்டு அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டார், நானும் ஒர்னெல்லா அத்தையும்தான் பேராலயத்துக்குப் போனோம். இந்தச் சில வாரங்கள் பளிங்குத் தரையை மூடாமல் வைத்திருக்கிறார்கள், நிமிர்ந்தால் நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள், குனிந்தால் கல்லில் இழைத்த மனிதர்கள், எங்கே கால் வைப்பதென்றே தெரியவில்லை. அத்தை காய்கறிச் சந்தைக்குள் போகிறவள் மாதிரி போனாள், ஊர்ப் பந்தயத்தில் தன் பேட்டைக் குதிரை ஜெயித்த வருடம் தான் எங்கே நின்று அழுதாள் என்று மட்டும் காட்டினாள். ஏரோது மன்னனின் வீரர்கள் வெட்டுவதற்காகத் தாய்களிடமிருந்து குழந்தைகளைப் பிடுங்கும் கல்சித்திரத்தில் நான் நின்றுவிட்டேன். அந்தத் தாய்மார்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இந்த மாதாவிடம் இரண்டு கேட்டேன், என்னைப் பிழைக்க வை, என் பெண்ணை வீட்டுக்கே கொண்டுவந்து சேர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வெள்ளி இதயம் என்று. டிசம்பரோடு உன் வேலை முடிகிறது, அப்பா உன் அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டார், இனி வந்த மாதிரிதான் என்று, 'பெற்ற வரத்துக்கு நன்றி' என்பதற்கான மூன்று எழுத்துகளைப் பொறித்து எடுத்தும் வந்துவிட்டேன். மாதாவின் சிற்றாலயத்து வாசலில் இதை அத்தையிடம் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "ரெண்டுல ஒண்ணு இன்னும் கைக்கே வரலையேடி! வாங்கினதுக்குத்தான் நன்றி சொல்லணும், வாங்கப் போறதுக்குக் குடுத்தா அதுக்குப் பேரு லஞ்சம். மாதாவ என்ன நகராட்சிக் குமாஸ்தான்னு நினைச்சியா?" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அவள் மெழுகுவத்தி ஏற்றப் போனாள், நான் உட்கார்ந்து, கைக்கு வந்தது எது என்று யோசித்தேன். உயிர் வந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் பத்தொன்பது இரவுகள் தூங்கிய நீயும் அப்போதே வந்துவிட்டாய். போன வாரம் போனில், இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் பதில் தர வேண்டும், "நீ என்ன சொல்றியோ அதுதான்மா" என்றாய். நான் பாலாடைக்கட்டி அனுப்பட்டுமா என்று பேச்சை மாற்றினேன். அந்தக் கல்தாய்களுக்காவது எதிரே கத்தி நின்றது, எனக்கு எதிரே நிற்பது உனக்குப் பிடித்த வேலைதானே. பிழைத்ததற்கு மட்டும் என்று சொல்லி இதயத்தைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தேன், இரண்டாவது வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அத்தை பசிக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உனக்கு எல்லா ஆசியும், கண்ணே. பாலாடைக்கட்டிப் பொட்டலம் அடுத்த வாரம் அனுப்புகிறேன். முப்பதாம் தேதியை மறக்காதே. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது, முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்: கையெழுத்துப் போட்டுவிடு.

உன் அம்மா,
லொரேதானா