ஞாயிறுகளில் நீ போட்ட டிக்

இன்று காலை உன் மகள் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா பீரோவுல இருந்துச்சு மாமா. உங்க கையெழுத்து இருக்கவே எடுத்தாந்தேன்." திறந்ததும் மூக்குப்பொடி வாசனை. தும்மினேன். நீ எதிரில் இருந்தால் சிரித்திருப்பாய்.

அட்டையின் உள்பக்கத்தில் நான் எழுதிய இரண்டு வரிகள்: 'அடக்கிக்கொண்டால் டிக். முடியாவிட்டால் வட்டம்.' எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த மறுவருடம் நான் உனக்குக் கொடுத்த நோட்டு அது. கல்லூரியில் உளவியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அப்போது ஒரே கேள்விதான். ஒருவன் தன் குணம் என்று சொல்வதும் அன்றாடம் நடந்துகொள்வதும் ஒத்துப்போகின்றனவா? குணத்தை வினாத்தாளில் கேட்டேன். நடத்தையை, அதாவது அன்று கோபத்தையும் ஆசையையும் அடக்கினார்களா என்பதை, ஒரு மாதம் மாலைதோறும் நோட்டில் குறிக்கச் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நீதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாய். மற்றவர்களின் நோட்டுகளில் வரிசையாக டிக். உன்னுடையதில் வட்டத்துக்கு மேல் வட்டம். 'ஒரு அம்மாவ மூணு தடவ அலையவிட்டாரு, சூப்பரின்டெண்ட திட்டிட்டேன்.' 'பொடி போட்டேன்.' 'மறுபடியும் பொடி.'

"கொஞ்சம் யோசிச்சு எழுதக் கூடாதாடா?" என்றேன்.

"யோவ் புரொபசரு, நெசத்தத்தான கேட்ட? யோசிச்சு எழுதறது உன் வேல."

அதே வினாத்தாளை எனக்கும் போட்டுப் பார்த்தேன். சுயக்கட்டுப்பாட்டில் உன்னைவிட வெகு உயரத்தில் இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அலுவலகத்தில் மனு வாங்கும் மேசைக்கு ஆள் தேடினார்கள். அதற்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டாய்! "செங்கத்துலருந்து பஸ்ஸு புடிச்சு வர்ற ஜனம்டா. ஒக்கார வெச்சு இன்னான்னு கேக்க ஒருத்தன் வேணாமா?" உங்கள் அதிகாரி என் பழைய மாணவர். தேரடித் தெருவில் என்னைப் பார்த்தவர், "அவரு உங்க ஃபிரெண்டுதானே சார், அந்த சீட்டுக்கு சரிப்படுவாரா?" என்றார். நல்ல மனிதர் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஓர் அதிகாரி கேட்கிறார் என்றதும், அவர் என் மாணவர் என்பதே மறந்துபோய், ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். "கோபம் ஜாஸ்தி. கட்டுப்பாடு கம்மி. அவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

உன்னை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாய். "பொடியே வேணாம்டா, சும்மா ஒக்காந்தாலே தும்மலு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் என்றால் எனக்குப் பயம். அதனால் ஞாயிறு காலைகளில் என்னோடு மலை சுற்ற வருவாய். வெறுங்காலில் கல் குத்தி நான் பின்தங்கினால் நின்று காத்திருப்பாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவேன். வழியில் அடுத்த லிங்கக் கோயிலில் சொல்லலாம், அதற்கடுத்ததில் சொல்லலாம் என்று எட்டு லிங்கங்களும் கடந்து கோபுரம் வந்துவிடும். இப்படியே வருடங்கள் போயின. போன தையில் நீயும் போய்விட்டாய்.

உன் மகள் போன பிறகு மீதிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் கேட்ட ஒரு மாதம் முடிந்து, நோட்டைப் பார்த்துவிட்டு உன்னிடமே திருப்பிக் கொடுத்த பிறகும் நீ நிறுத்தவில்லை. பொடிக்கு வட்டங்கள் தொடர்கின்றன. ஒரு ஞாயிறில் இப்படி இருக்கிறது: 'புரொபசர்தான் சொன்னதுன்னு ஆபீசரே சொல்லிட்டாரு. கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா ஒடஞ்சுடுவான், பயந்தவன். கேக்கல.' பக்கத்தில் டிக். அடுத்த ஞாயிறு, 'கேக்கல.' டிக். பிறகு எழுத்தே இல்லை, ஞாயிறுக்கு ஒரு டிக் மட்டும், நோட்டு தீரும் வரை.

அத்தனை ஞாயிறுகளும் நாம் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசாமல் நடந்திருக்கிறோம். நீ அடக்கிக்கொண்டாய். நான் பயந்தேன். என் வினாத்தாள் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்திருக்கும். அந்த வினாத்தாளைத் தயாரித்தவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். உன் நோட்டைப் 'பொருந்தாதது' என்று என் ஆய்வுக் கட்டுரையிலிருந்து நீக்கியவனும் நான்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் மகள் கேட்டாள். "மனு வாங்கற சீட்ட அப்பாவுக்கு ஏன் மாமா தரல? கடைசி வரைக்கும் அவரு சொல்லவே இல்ல."

"தெரியலம்மா" என்றேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. இன்றைய தேதி போட்டு, 'கேட்டாள், சொல்லவில்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட முதல் வட்டம். அது சரியாக மூடவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க நாளை காலை வேங்கிக்காலில் உன் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஆட்டோவில் பத்து நிமிடம். தள்ளிப்போட வழியில் எட்டு லிங்கங்கள் கிடையாது.