புதன்கிழமை தூக்கிய கை

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, நீயாவது அந்த அலாஸ்கா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்பா குரலே சரியில்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போ என்று நீ சொன்னதற்கு, எங்கோ உட்கார்ந்துகொண்டு எங்கள் விசுவாசத்தை அளக்காதே என்று கத்திவிட்டுப் போனை வைத்தவள் நான்தான். என் வாய் உனக்குத் தெரியும். வைத்த பிறகு நானே கூப்பிட்டிருக்கலாம், வீம்பு விடவில்லை. இப்போது போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அவளுக்குத் தெரியட்டும் என்று சொல்லிவிட்டார்.

போன வருஷம் காகித மில் மூடியதிலிருந்து ஊரில் அந்த நாற்றம் போய்விட்டது, துணி காயப்போட்டால் மணமாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் மூன்று வீடு காலி. அங்கே வேலை போன அப்பா சும்மா இருக்கப் பிடிக்காமல் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டப் போனார், தினமும் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். டெல்மர் எப்பேர்ப்பட்ட ஊழியம் செய்கிறார் பார் என்று சபையே புகழ்ந்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு மனுஷன் பொழுதெல்லாம் கல்லறைகளுக்கு நடுவே எதற்குக் கிடக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, கட்டிய பெண்டாட்டி எனக்கும் தோன்றவில்லை.

நம் புதன்கிழமை ஜெபக்கூட்டம் உனக்குத் தெரியாததா. வேண்டுதல் இருப்பவர்கள் சொல்லலாம், சொல்ல முடியாதவர்கள் கையை மட்டும் தூக்கலாம், போதகர் அதையும் சேர்த்து ஜெபிப்பார், என்ன ஏது என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் மரியாதைக் கேடு. மில் மூடியதிலிருந்து அப்பா ஒரு புதன்கிழமை விடாமல் கையைத் தூக்கினார். ஈஸ்டரிலிருந்து நானும் தூக்கினேன். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து இரண்டு பேரும் தூக்குவோம், வீட்டுக்கு வந்து பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வோம். அவர் உனக்காகத்தான் தூக்குகிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டியில் வரும்போது கேட்டிருக்கலாமே மார்லா.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்தேன். கோடைக்காலத்தில் நம் போதகர் கேலப் சபையைக் கூட்டி, ஆட்ரி என்று ஒரு அம்மாள் இருக்கிறார், விசுவாசி, மனசு நொந்தவர்களோடு பேசி ஆற்றுவதற்கென்றே படித்தவர், செவ்வாய்க்கிழமைதோறும் ஞாயிறு பள்ளி அறையில் வந்து உட்காரட்டுமா, மில்காரர்கள் யாராவது போய்ப் பேசலாமே என்று கேட்டார். நான் எழுந்து நின்று, ஜெபம் போதாது என்று கர்த்தரிடமே சொல்லப்போகிறோமா, அந்த அறையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறோம், அங்கே பைத்தியத்துக்கு வைத்தியமா என்று கேட்டேன். சிலர் ஆமென் என்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது அப்பா கை மடியிலேயே இருந்தது. நான் முழங்கையால் இடித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினார், வேண்டாம் என்பவர்களோடு. ஆட்ரி அம்மாள் வராமல் போனது என்னாலும், நான் தூக்க வைத்த அந்தக் கையாலும்தான்.

அந்த வாரமே அப்பா தன் மான் வேட்டைத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் சபை மூப்பர் ஹோபர்ட்டிடம் கொடுத்து, கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஏன் என்று கேட்காதீர்கள் என்றிருக்கிறார். ஹோபர்ட்டும் கேட்கவில்லை, அவரும் நம் சபைதானே. எனக்கு இது போன மாதம் சபை விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் தெரியும். ஹோபர்ட்டின் மனைவி நெல்டா தட்டைத் துடைத்துக்கொண்டே, உங்க துப்பாக்கி எங்க அலமாரியிலயே கெடக்கு, மான் சீசன் வருதே, டெல்மர வந்து எடுத்துக்கச் சொல்லு என்றாள். கையிலிருந்த பாத்திரம் தண்ணீருக்குள் போய்விட்டது. வேட்டைக்குப் போகிற மனுஷன் துப்பாக்கியை ஏன் வெளியே கொடுக்கிறார் என்று அங்கே நின்றபடியே எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அப்பா சமையலறையில் என் இஸ்திரிப் பெட்டியின் வயரை மாற்றிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, புதன்கிழமை எதுக்குக் கையத் தூக்குறீங்க என்று கேட்டேன். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் வேர்னா. காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கல. அந்தத் துப்பாக்கி கைக்கு எட்டுற தூரத்துல இருக்க வேணாம்னுதான் குடுத்துட்டு வந்தேன்" என்றார். பிறகு சொன்னார், "நீ என்னைக்காவது கேப்பியான்னு பாத்தேன்." கோபமே இல்லாமல் சொன்னார், மார்லா. ஒரு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே போதகரைக் கூப்பிட்டேன். நான் சபையில் பேசியதை ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் கேலப், சின்ன வயசுப் பிள்ளை, வண்டியை எடுத்துவந்து எங்களை டாக்டரிடமும், பிறகு பக்கத்து ஊரில் ஆட்ரி அம்மாளிடமும் கூட்டிப்போனது. அந்த அம்மாள் ஜெபித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார், ஜெபித்துத்தான் முடிக்கிறார், நடுவில் நாங்கள் யாரும் கேட்காததையெல்லாம் கேட்கிறாராம். மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு அப்பா அதையும் சேர்த்து விழுங்குகிறார். சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் எழுந்து கொட்டகையில் ஏதாவது தட்டுகிறார், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், அப்போது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். துப்பாக்கி ஹோபர்ட் வீட்டிலேயே இருக்கிறது, இந்த முறை அவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டோம். அடுத்த மாதம் சபையில் மறுபடி ஓட்டெடுக்கப் போகிறார்கள், நான் எழுந்து நின்று என் தப்பைச் சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வேனோ தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அன்றைக்கு அவரும் திருப்பிக் கேட்டார், உன் கை எதற்கு என்று. நான் தூக்கியது உனக்காகத்தான் மார்லா, ஆனால் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று அல்ல. நீ பேசியது தப்பு என்று உணர்ந்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று, ஈஸ்டரிலிருந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இந்த மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அப்பா, நல்ல வேளை கர்த்தர் அதக் காதுல வாங்கல என்று சிரித்தார், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். நீ சொன்னதுதான் சரி, மகளே. என்னை மன்னித்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக வண்டி ஓட்டாதே, பனியில் காலைப் பார்த்து வை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன்னை அவர் கைக்குள் வைத்திருப்பாராக. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவைப் போனில் கூப்பிடு, மறந்துவிடாதே. எப்படி இருக்கிறீர்கள் என்றால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா,
வேர்னா