சிப்பாய்களின் உடுப்பு

லண்டன், 12.2.1983

அன்புள்ள அம்மாவுக்கு சாந்தாமேரியின் தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒண்டிக்கடை தபாலாபீசுக்குப் போய் டிரங்க்கால் போட்டு, "அப்பாவ அடக்கம் பண்ணியாச்சு கண்ணு, நொம்பத் தூரம், நீ வர வேண்டாம்" என்று சொன்னீர்களே, மறுநாளே நூலகத்துக்குப் போய்விட்டேன். அழுகை வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனோடு அபிசீனியப் போருக்குப் போன மதராஸ் சிப்பாய்களைப் பற்றி ஆராய்ச்சி எழுதுகிறேன். தளபதிகளுக்கு ஓவியம் இருக்கிறது. சிப்பாய்களுக்கு உடுப்புப் பட்டியல்தான். பொத்தான் வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

நேற்று நூலகத்து அம்மாள் டீ கொடுத்து, அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டார். தினமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போவார் என்றேன். என்ன நிறம் என்றார். சொல்லத் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

கொஞ்சம் மிளகுப்பொடி அனுப்புங்கள். அந்த ஸ்வெட்டர் என்ன நிறம் என்றும் எழுதுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

சாந்தாமேரி