பதினான்காவது அட்டை

உங்கள் அட்டைகளை தொழிலாளர் கேம்ப் ஆட்களின் கையில் கொடுக்க நான் மறுக்கிறேன், அதற்குக் காரணம் என் திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் மருமகளே தன் அம்மாவிடம் போனில் அப்படித்தான் சொன்னாள். கதவு திறந்திருந்தது. திமிர் எனக்கு உண்டு. அதை நான் மறுத்ததும் இல்லை, நீங்கள் மறுக்க விட்டதும் இல்லை. ஆனால் அட்டைகளைக் கொடுக்காததற்குக் காரணம் வேறு. அதை உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

ஆல்பம் சாப்பாட்டு மேசைமேல் திறந்து கிடக்கிறது. அந்த பிளாஸ்டிக் உறைகளில் புதுச் செருப்புக் கடையின் வாடை. நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகியும் அது போகவில்லை. காலையில் திறந்ததும் முகத்தில் அடித்தது; மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பதின்மூன்று உறைகளில் அட்டை இருக்கிறது. பதினான்காவதை எடுத்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் நீங்கள் வேலை பார்த்தபோது ஆரம்பித்தது. உங்கள் மேலாளராக இருந்த அமெரிக்கர் தன் மேசை இழுப்பறையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அவருடைய ஊர் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு அட்டை. முன்புறம் படம், பின்புறம் விவரம், படத்தின் குறுக்கே அந்த ஆட்டக்காரர் தன் கையால் போட்ட கையெழுத்து. வீட்டுக்கு வந்து சொன்னீர்கள்: “அந்த ஆட்டம் எனக்குப் புரியல. ஆனா அந்த மனுஷன் அட்டைய ஓரத்துல பிடிச்சு எடுக்கறத நீ பாக்கணும். கைக்குழந்தையத் தூக்கற மாதிரி.”

ஓய்வு பெற்றதும் மற்ற ஆண்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நீங்கள் ஒரு அணிக்கு ரசிகர் ஆனீர்கள். கிடங்கில் உங்களிடம் வேலை பார்த்த ரபீக், இப்போது வேறு கம்பெனியில் டிரைவர், சோனாப்பூர் லெவன் என்ற அந்த அணியின் கேப்டன். கம்பி கட்டுபவர், சாரம் கட்டுபவர், பெயின்டர் என்று பதினான்கு பேர், சோனாப்பூர் கேம்புகளுக்குப் பின்னால் மணல் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். அந்த அணிக்கு ரசிகர் என்று பூமியில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள், அவர்களுக்கும் அட்டை அடிக்கப் போகிறேன் என்று.

“இவர்கள் கையெழுத்தை யார் கேட்கப் போகிறார்கள்?” என்றேன் நான்.

“டைம் ஷீட்டுல தினம் கம்பெனி கேக்குதே. ஒரு தடவ நான் கேக்கறேன்.”

மீனா பஜார் ஸ்டூடியோவுக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். ஸ்டூடியோ வைத்திருந்த கீழக்கரை பாய்க்கு விஷயமே பிடிபடவில்லை. “பேட்டோட நிக்கிற மாதிரியா? சார், இந்தப் பயலுவளை முப்பது வருஷமா வெள்ளை பேக்ரவுண்டுல மூஞ்சிய மட்டும்தான் எடுக்கறேன். சிரிச்சா விசா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவான்.” நீங்கள் சொன்னீர்கள்: “இதுல சிரிக்கலன்னா நான் திருப்பி அனுப்புவேன் பாய்.”

அட்டைகளின் பின்புறத்தில் பெயர், ஊர், வேலை, எடுத்த விக்கெட், பிடித்தது என்ன என்று எழுதினீர்கள். பிடித்தது என்ற இடத்தில் ரபீக் “லீவு” என்று சொல்லியிருந்தான். பிழை திருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், நீங்கள் கேட்காமலேயே. “சரிங்க மதர்” என்று குனிந்து நீட்டினீர்கள். கான்வென்டில் படித்த மனைவியைக் கேலி செய்ய நாற்பத்தெட்டு வருடமும் அந்த ஒரு சொல் உங்களுக்குப் போதுமாக இருந்தது.

கையெழுத்து வாங்கிய ஞாயிறன்று நான் காருக்குள்ளேயே இருந்தேன். மணல் செருப்புக்குள் போகும் என்றேன். கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தேன்; ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டது கேட்டது.

“டேய், நீ போட்ட கையெழுத்துல உன் மூஞ்சியே மறைஞ்சுபோச்சுடா.”

“மறையட்டும். அப்பத்தான அட்டைக்கு மதிப்பு.”

பதின்மூன்று பேர் போட்டார்கள். பதினான்காவது முனியசாமி. முதுகுளத்தூர்ப் பக்கம், சாரம் கட்டும் வேலை, வேகப் பந்து வீசுவார். மார்க்கரைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி உங்களிடமே கொடுத்தார். “இது மட்டும் வேணாம் சார். வேற என்ன வேணாக் கேளுங்க, செய்யறேன்.”

ரபீக் விடவில்லை. “எட்டாவது வரைக்கும் படிச்சவன், பேங்க்ல போயி ரேகை வைக்கிறான் சார். டேய், சாருக்கும் கட்டைவிரல்தானா?” எல்லாரும் சிரித்தார்கள். “விடு ரபீக்” என்றீர்கள்.

திரும்பும்போது நான்தான் பேசினேன். எட்டாம் வகுப்புக்கே இவ்வளவு கர்வமா என்றேன். “ஏன், அது உங்களுக்கு மட்டும் எழுதிவச்ச சொத்தா மதர்?” என்றீர்கள். உங்களுக்குக் காரணம் அப்போதே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என்னங்க, இந்தக் கடிதம் இல்லை.

மருத்துவமனையில் உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் ஆல்பம் இருந்தது. எழுந்து உட்கார முடியாத நாட்களிலும் அதைப் புரட்டுவீர்கள். கடைசிப் பக்கத்தில் விரல் நிற்கும். “இது ஒண்ணு மட்டும்” என்று ஒருநாள் சொன்னீர்கள். கேட்கவில்லை, சொன்னீர்கள், அவ்வளவுதான். டாக்டர் என்னிடம் சொல்லியிருந்த நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு கர்வக்காரனின் பிடிவாதத்துக்காக உங்கள் விரல் அங்கே நிற்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, ஆல்பத்திலிருந்து எடுத்து வந்த அந்த அட்டையோடு இந்த மேசையில்தான் உட்கார்ந்தேன். மருந்துக் கடைக் காகிதப் பைகளில் அந்தப் பெயரை எழுதிப் பழகினேன். எத்தனை எழுதினாலும் அது பரிசு வாங்கும் கையெழுத்தாகவே வந்தது. என் வலது கை கன்னியாஸ்திரிகள் வளர்த்த கை. அதற்குக் கோணலாக எழுதத் தெரியாது. நான் பிறந்தது இடதுகைக்காரியாக. ஆறு வயதில் அந்தக் கையைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு எழுத வைத்தார்கள், வெளியே வந்தால் ஸ்கேல் விழும். அறுபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கையில் மார்க்கரைக் கொடுத்தேன். க. முனியசாமி. ஒரே முறையில் வந்துவிட்டது. ஒரு சாரம் கட்டுபவரின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்று மாலை மருத்துவமனையில் அட்டையை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் ஓரத்தைப் பிடித்து வாங்கினீர்கள்.

“நீயா போனே? சோனாப்பூருக்கா?”

நான் தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை நீங்கள் அப்படிப் பார்த்ததில்லை. பிறகுதான் மூச்சு வாங்கி வாங்கி அந்தக் கதையைச் சொன்னீர்கள்.

முனியசாமி முன்பு இருந்த கம்பெனியில் அவருடைய ரூம்காரர், பக்கத்து ஊர்க்காரர், சாரத்திலிருந்து விழுந்தார். அன்றைக்கே ஆபீஸிலிருந்து ஒருவன் வெறும் தாளோடு வந்து, ஆஸ்பத்திரிக்கு வேண்டும், ஜல்தி கையெழுத்துப் போடு என்றான். போட்டார். விழுந்தவர் பிழைக்கவில்லை. விழுந்தவரே பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றினார், நான் பார்த்தேன் என்று அந்தத் தாளில் பிறகு அச்சடித்துக்கொண்டார்கள். ஊருக்குப் போனபோது இறந்தவரின் மனைவி வாசலில் நின்று, “நீயே சாட்சி சொன்னியாமே” என்று கேட்டாள். அன்றிலிருந்து அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. போட்டே ஆகவேண்டிய இடத்தில் ரேகை.

“என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கான்” என்றீர்கள். “அந்தப் பய போட்டுட்டான் பாரு. அவனுக்கு அது விட்டுப்போச்சு.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. நீங்கள் ரபீக்குக்கு போன் போட்டு, “முனியசாமி கையெழுத்து வந்துடுச்சுடா” என்றீர்கள். அதற்குமேல் பேச மூச்சு இல்லை. நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

உங்கள் உடலை ஊருக்கு அனுப்பும் முன், பதப்படுத்த சோனாப்பூரில்தான் வைத்திருந்தார்கள். டியூட்டி முடிந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உங்கள் அணி வந்தது. ஒவ்வொருவராக உங்கள் காலைத் தொட்டார்கள். முனியசாமி மட்டும் வாசலை ஒட்டி நின்றார். தொடவில்லை. அழவும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. ரபீக் சொன்ன, தான் போடாத கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதர் தன்னையே கேட்டுக்கொண்டு, ஒரு பதிலுக்கு வந்திருக்கிறார். அவர் கதை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அட்டை இருந்ததும் உங்களிடம்தான்.

நான் செய்ததை நீங்கள் செய்தீர்கள் என்று அவர் நினைக்கிறார். பதினொரு மாதமாக நினைக்கிறார்.

போன வாரம் ரபீக் வந்தான். உங்கள் பெயரில் ஒரு கப் வைத்து ஆட்டம் நடத்துகிறார்களாம். “பதினாலு அட்டையும் ஒரே போர்டுல, கண்ணாடி போட்டும்மா. எல்லாரும் பாக்கட்டும். முனியசாமிக்கு இதுதான் கடைசி மேட்ச். விசா கேன்சல் ஆயிருச்சு, செவ்வாக்கிழமை பிளைட்டு.” கொடுப்பதற்கில்லை என்றேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனான். நம் மகன் கேட்டான்: “அது என்னம்மா தங்கமா? குடுத்துடுங்களேன்.” எதைக் கொடுப்பேன்? பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில், கண்ணாடிக்குள், அவருடைய இரண்டாவது வெறும் தாளையா?

நேற்று டாக்ஸி பிடித்து சோனாப்பூருக்குப் போனேன். நீங்கள் நான் போனதாக நம்பிய இடத்துக்கு இப்போதுதான் உண்மையில் போனேன். வரிசையாகக் கம்பெனி பஸ்கள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணி. கேட்டில் சொல்லி அனுப்பியதும் முனியசாமி வந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

“வாங்கம்மா. இந்த வெயில்ல எதுக்கும்மா?”

அட்டையைப் பற்றி என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“விடுங்கம்மா. சாரு ஏன் அப்படிப் பண்ணாருன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். ஒடம்பு முடியாத நேரம், ஆசைப்பட்டிருப்பாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. ரபீக்கிட்ட கூட, ஆமா போட்டேன்னுதான் சொல்லியிருக்கேன்.” லுங்கி ஓரத்தைச் சரிசெய்துகொண்டார். “அவருகிட்ட மட்டும்தாம்மா சொல்லியிருந்தேன். அதான் மனசு கேக்கல.”

செய்தது நான் என்று இரண்டே சொல்லில் சொல்லியிருக்கலாம். சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி கொண்டுவந்தார், இன்னொருவர் பிளாஸ்டிக் கப்பில் டீ நீட்டினார். அத்தனை மரியாதைக்கு நடுவில் என் வாய் திறந்தது, “பயணம் நல்லபடியாக இருக்கட்டும்” என்றது. டாக்ஸியில் ஏறிவிட்டேன். பள்ளியில் நேராக நிற்கவும், தெளிவாகப் பேசவும், உண்மை சொல்லவும் ஒரே வகுப்பில்தான் கற்றுக்கொடுத்தார்கள். முதலிரண்டு மட்டும் வந்திருக்கிறது எனக்கு.

“நீயா போனே?” என்று கேட்டபோது நீங்கள் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்கு உரியதல்லாத ஒன்றை வைத்திருக்கிறேன் என்று தினமும் தெரிகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் இல்லை. உங்கள் பெயரை மட்டுமாவது உரிய இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

முனியசாமிக்கென்று இன்று நான்கு தாளில் ஆரம்பித்தேன். நான்கிலும் என் பெருமை எட்டிப் பார்த்தது, கிழித்தேன். உங்களுக்கு எழுதும்போதுதான் என்னால் ஒளிக்க முடியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தையே அவருக்குக் கொடுக்கிறேன். பதின்மூன்று அட்டைகளும் ஆல்பத்தோடு ரபீக்குக்குப் போகும். இந்தக் கடிதமும் பதினான்காவதும் ஒட்டிய உறையில் முனியசாமிக்கு. நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கமாட்டேன். கேட்டால் “சரிங்க மதர்” என்று சிரித்து முடித்துவிடுவீர்கள்.

முனியசாமி, இதுவரை படித்ததற்கு நன்றி. அட்டை உங்களுடையது, கிழித்தாலும் வைத்துக்கொண்டாலும். அதில் எழுதியது நான். அவருக்குக் கடைசிவரை தெரியாது. நீங்களே போட்டீர்கள் என்று நம்பி, உங்களுக்காகச் சந்தோஷப்பட்டார். அவர் உங்களுக்கு அதைச் செய்யவில்லை என்று இப்போது நம்புகிறீர்களா? செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுவதற்கு முன், ஒரு தாளில் பதில் எழுதி ரபீக்கிடம் கொடுத்தனுப்புங்கள். கீழே கையெழுத்து வேண்டாம்.