ஏழு பெயர் எழுதிய பலகை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நான் புல் வெட்டும் மைதானத்தில் கோல்ஃப் போட்டியை இனி நடத்தப் போவதில்லையாம். ஜெயித்தவர்கள் பெயர்ப் பலகையை நேற்று நானே கழற்றினேன். வருஷத்துக்கு ஒன்றாய் மொத்தம் ஏழு பெயர். முதல் பெயரை எழுதியபோது பாப்பா உன் வயிற்றில். இரண்டாமவர் மழையில் நனைந்துகொண்டே ஜெயித்தார். அந்த வாரம்தான் பாப்பா நடந்தாள் என்று போனில் அழுதாய். வருஷா வருஷம் “போட்டி முடியட்டும், ஊருக்கு வந்துடறேன்” என்றே ஓட்டிவிட்டேன்.

புல் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன். போனில் பாப்பா முகம்தான் தெரிகிறது, உயரம் தெரியவில்லை. ஒரு நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்பு. கவுன் எடுக்கத்தான், வேறொன்றுமில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

சாக்கு தீர்ந்துபோன
உன் வீட்டுக்காரன்