பருப்பு வடித்த தண்ணீர்

செவ்வாய்க் கோள், நாள் 204, காலை

பதிவு: அபிராமவல்லி. நிலையத்தின் விளைச்சலும் சமையலும் என் பொறுப்பு. உடன் இருப்பவன் இக்னேஷியஸ், பாறை ஆய்வாளன், தூத்துக்குடிக்காரன், என்னைவிடச் சின்னவன்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பான் பாதித் திறனில் ஓடுகிறது. புழுதிப் புயலில் பெரிய ஆன்டெனா போனதால் பூமிக்குச் சின்ன எழுத்துச் செய்திகள்தான் அனுப்ப முடிகிறது. வாயிற்கதவின் வெளிப்பூட்டும் போயிற்று. ஒருவர் வெளியே போனால் மற்றவர் உள்ளே நின்று சக்கரத்தைச் சுற்றித் திறக்க வேண்டும்.

சரக்குக் கலம் தாமதம். டின் மீன் தீர்ந்துவிட்டது. வெளியே போயிருந்த இக்னேஷியஸ் ரேடியோவில் புலம்பினான்: "வல்லியக்கா, இனி மீனே கெடையாதா? நான் ஆடு மாதிரி தழையத்தான் திங்கணுமா?"

பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடும் நான் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை என்று பதில் கொடுத்தேன். அரிசிப் புரதத்தில் குறைவதைப் பருப்பு ஈடுகட்டும்; பருப்பில் குறைவதை அரிசி ஈடுகட்டும். தட்டில் இரண்டும் இருந்தால் மீன் எதற்கு?

நாள் 231, மதியம்

துவரை கருகிவிட்டது. உளுந்தும் அப்படியே. தண்ணீர் போதவில்லை. கலப்பு விதைப் பையில் வந்த ஒரு கொடி மட்டும் எதற்கும் அசராமல் காய்த்துத் தள்ளுகிறது. நீலப் பூ. பட்டாணி வகை போலிருக்கிறது, பெயர் தெரியவில்லை. பருப்பைச் சத்து அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன்: எடையில் கால் பங்குக்கு மேல் புரதம்! சந்தோஷத்தில் குதித்தேன், தலை கூரையில் இடித்தது.

படம் அனுப்ப வழியில்லை. எண்களை மட்டும் அனுப்பினேன். தரைநிலைய மருத்துவர் பரிமளாவின் பதில்: "பிரமாதம் வல்லி. தாராளமா சாப்பிடுங்க."

நாள் 262, மதியம்

அரிசி ஆளுக்கு ஒரு பிடிதான். மீதி வயிற்றுக்கு அந்த நீலப்பூக் கொடியின் பருப்பு. ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைத்து வடிக்கிறேன். கெட்டிப் பருப்பில் பெரும்பங்கு இக்னேஷியஸுக்கு. வெளியே மாடாக உழைக்கிறவன் அவன். வடித்த தண்ணீரில் புளிப்பொடியும் மிளகும் தட்டிப் போட்டால் எனக்கு ரசம். இங்கே ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்கினாலும் பாவம். அவன் அதைச் சோப்புத் தண்ணீர் என்று கேலி செய்து தொடுவதில்லை. எல்லாம் என் வயிற்றுக்குத்தான்.

நாள் 318, காலை

கெண்டைக்காலில் பிடிப்பு. எழுந்தால் தொடை விறைக்கிறது. இங்கே ஈர்ப்பு குறைவு. தசை சோம்பேறியாகிவிட்டது போலும். நடைப்பயிற்சியை இரட்டித்தேன். புரதம் பற்றவில்லையோ என்று ரசத்தையும் இன்னொரு டம்ளர் கூட்டினேன்.

நாள் 340, மாலை

குதிகால் தரையில் படவில்லை. நுனிக்காலில் நடக்கிறேன், முழங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டு முறை விழுந்தேன். இக்னேஷியஸும் ஏணியில் தடுமாறினான், ஆனாலும் நடக்கிறான். பயமாக இருக்கிறது.

ஆன்டெனாவை அவன் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டான். முதல் வேலையாகக் கொடியின் படத்தை அனுப்பினேன்.

நாள் 341, காலை

பரிமளாவின் குரல்: "வல்லி, அந்தப் பருப்ப இப்பவே நிறுத்து. அது கேசரிப் பருப்பு. அதுல ஒரு நஞ்சு இருக்கு. பஞ்ச காலத்துல மாசக்கணக்கா அதையே தின்னு எத்தனையோ பேருக்குக் கால் போயிருக்கு. ஊறவச்ச தண்ணி, வடிச்ச தண்ணி ரெண்டையும் கொட்டணும், நஞ்சு அதுலதான் எறங்கும். கொட்டினியா? ஐயோ, படம் பாக்காம நான் சாப்பிடச் சொல்லிட்டேனே…"

கொட்டவில்லை பரிமளா. குடித்தேன். மிளகு போட்டு, ரசித்துக் குடித்தேன்.

போன கால் திரும்பாதாம். அழுது தீர்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் சைவச் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். விதவிதமான பருப்புகளை மாற்றி மாற்றி, அரிசியோடும் காயோடும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. பெயர் தெரியாத ஒன்றை, அந்த ஒன்றை மட்டுமே, புரதத்தின் எண்ணைப் பார்த்து மயங்கித் தின்றேன். அவனுக்கும் ஊட்டினேன்.

நாள் 347, காலை

பருப்பை நிறுத்தியதிலிருந்து கஞ்சிதான். நேற்றோடு அரிசியும் தீர்ந்தது. சரக்குக் கலம் வந்துவிட்டது, ஆனால் மேட்டுக்கு அப்பால் இறங்கியிருக்கிறது. வண்டி மேட்டடிவரை போகும், பிறகு நடைதான். என்னால் நிற்கவே முடியவில்லை. அவன் போயிருக்கிறான்.

அவன் திரும்பும்போது சக்கரத்தைச் சுற்ற நான் நின்றாக வேண்டும். வார்ப்பட்டையால் இடுப்பைக் கதவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கால் எப்படியோ போகட்டும். கைகள் இருக்கின்றன.

நாள் 347, மதியம்

ரேடியோவில் இக்னேஷியஸ்: "அக்கா, கலத்தத் தொறந்துட்டேன். மீனு டின்னு டின்னா கெடக்கு. ஒங்களுக்குக் கொண்டக்கடல இருக்கு, துவரம்பருப்பு இருக்கு. கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது. பயப்படாதீய. சக்கரத்த மட்டும் விட்றாதீய."

விடமாட்டேன் என்றேன்.

நாள் 347, மாலை. குரல் பதிவு

வெகுநேரமாக ரேடியோவில் சத்தமில்லை. வண்டி வந்து நின்றது, அதிர்வு தெரிந்தது. அங்கிருந்து கதவுக்கு நாலு எட்டுதான். இன்னும் வரவில்லை. கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிடுகிறேன்.

கை மரத்துப்போகிறது. பட்டை இடுப்பை அறுக்கிறது. பரவாயில்லை.

தட்டுகிறான்! வந்துவிட்டான். சுற்றுகிறேன் தம்பி, இதோ, சுற்றுகிறேன். டின் ஒன்று கதவில் உரசுகிறது. கொண்டுவந்துவிட்டான். இன்னும் ஒரு சுற்று…

எப்போதும் தோள் உயரத்தில்தான் தட்டுவான். இப்போது சத்தம் என் பாதத்துக்குப் பக்கத்தில், கதவின் அடியிலிருந்து வருகிறது.