மேற்கு நிலையக் கேமராப் பழுது

நாள் 112, 09:10
நிலவின் தென்முனை, மேற்கு நிலையம். எழுதுபவர் மங்கையர்க்கரசி, பாறை ஆய்வாளர். இங்கே நான் ஒருத்திதான். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பழுது ஒன்று: மடிக்கணினியின் கேமரா. காலை மருத்துவச் சோதனையில் குரல் மட்டும் போனது, படம் போகவில்லை. பூமிக்குத் தெரிவித்தேன்.

நாள் 112, 15:40
கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் ஜெபராஜ் வழி சொன்னார். "ஒரு தடவ அணைச்சுப் போடுங்க மேடம். அப்புறம் செட்டிங்ஸ்ல கேமராவுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க. கேமரா மேல குட்டியா ஒரு மூடி இருக்கும், அது நகர்ந்திருக்கான்னும் பாத்துடுங்க." பார்த்துவிட்டேன், திரை கருப்பாகவே இருக்கிறது என்றேன்.

நாள் 113, 10:05
இந்தக் குறிப்பேடு பூமிக்குப் போவதில்லை. பின்னால் இதை எடுத்துப் படிப்பவருக்காவது உள்ளதை எழுதுகிறேன். மூடியை மூடியது நான்தான். நாள் 111இல் அனுமதி கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கினேன், ஒரு பாறைக்காக. சறுக்கி விழுந்ததில் தலைக்கவசத்துக்குள் முகம் இடித்து, இடது கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. மருத்துவர் பார்த்தால் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும்.

நாள் 114, 11:30
ஜெபராஜ் விடவில்லை. கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார். ஏற்றியதாகச் சொன்னேன். கணினியின் பதிவுக் கோப்பைக் கேட்டார். அதில் கேமரா நன்றாக இருப்பது தெரிந்துவிடும். திரையின் ஓரத்தைக் கழற்றி, கேமராவுக்குப் போகும் மெல்லிய வயரை அறுத்தேன். பிறகு கோப்பை அனுப்பினேன்.

நாள் 115, 09:20
ஜெபராஜ் அழைத்தார். "கண்டுபிடிச்சாச்சு மேடம். கேமராவே போயிருக்கு. சரக்குக் கலம் இறங்குற இடத்தப் பாக்குறதுக்கும் இதே மாடல் கேமராதான் வச்சிருக்கோம். சோதிச்சு முடிக்கிற வரைக்கும் கலத்தச் சுத்துப்பாதையிலேயே நிறுத்தியாச்சு. நல்ல வேள சொன்னீங்க. எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னாங்க."
அந்தக் கலத்தில் ஹமீதுக்கான, கரியமில வாயுவை உறிஞ்சும் காற்று வடிகட்டிகள் இருக்கின்றன. ஹமீது இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டரில், கிழக்கு நிலையத்தில் தனியாக இருப்பவர். அவரிடம் உள்ளது இன்னும் ஆறு நாள் தாங்கும் என்றார்கள்.
நன்றிக்குப் பதிலாக "பரவாயில்லை" என்று சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது.

நாள் 117, 08:15
ஹமீது பேசினார். "ரெண்டு நாளா தலவலி, அக்கா. கடைசி வடிகட்டி சரியா உறிஞ்சல போல. கலம் வந்துரும், பாத்துக்கலாம். உங்க கேமரா சரியாச்சா?"
சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்துவிட்டது. இல்லை, இருமல் வரவில்லை. இருமினேன்.

நாள் 117, 12:50
ஹமீது பதில் தரவில்லை. நான்கு முறை அழைத்தேன்.

நாள் 117, 13:05
ஜெபராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, வயர், முகம். கலத்தை உடனே இறக்கச் சொல்லி அங்கே யாரிடமோ சொன்னார். பிறகு, "கலம் இறங்க இன்னும் ஒம்பது மணி நேரம் ஆகும். உங்ககிட்ட வடிகட்டி இருக்கா?"
இரண்டு இருக்கிறது என்றேன்.
"எடுத்துட்டுக் கிளம்புங்க." மேடம் என்று சொல்லவில்லை.

நாள் 117, 15:30, கிழக்கு நிலையம்
ஹமீது தரையில் கிடந்தார். வடிகட்டியை மாற்றினேன். ஆக்சிஜன் மாட்டினேன். மூச்சு இருக்கிறது, விழிக்கவில்லை. பூமியிலிருந்து மருத்துவர் ஹமீதின் முகத்தைக் காட்டச் சொன்னார். ஹமீதின் மடிக்கணினியைத் திறந்தேன். கேமரா இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. கழற்றித் துணியில் சுற்றி, மேலே என் பெயரை எழுதி, எனக்குத் தர எடுத்து வைத்திருக்கிறார்.
திரும்ப மாட்டிப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணுக்கு வயரின் முனை தெரியவில்லை.

15:52
"படம் வேணாம். நீங்க பாத்துச் சொல்லுங்க. உதடு என்ன நிறம்?" என்றார் மருத்துவர்.
நீலம் என்றேன்.
"நல்லாப் பாத்தீங்களா?"
மறுபடி குனிந்து பார்த்தேன். நீலம்.
அவருக்குப் பின்னால் ஜெபராஜின் குரல் கேட்டது. "இவங்க சொல்றத நம்பி ஊசி போடச் சொல்லலாமா டாக்டர்?"
மருத்துவர் என்னிடம் மூச்சை எண்ணச் சொன்னார்.
எண்ணினேன். நிமிடத்துக்கு ஏழு. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று இன்னொரு முறை எண்ணினேன்.
ஆறு. இரண்டு எண்ணையும் அப்படியே மருத்துவரிடம் சொன்னேன்.